உறைமட்டத்துக்குக் கீழே ஓர் இடம்: வளவுப் பாம்புகளுக்குக் குளிர்காலப் புற்று அமைக்கும் முழுமையான வழிகாட்டி

ஒரு பெப்ரவரியில் மூன்று நாள் தொடர்ந்து நல்ல வெயில் எறித்தது. கூரையில் இருந்த ஸ்னோ கரைந்து சொட்டியது. நான்காம் நாள் காலை மறுபடியும் கடும் குளிர். காரைத் துப்புரவாக்கப் போனபோது டிரைவ்வே ஓரத்தில் ஒரு கயிறு கிடந்தது. குனிந்து பார்த்தால் கறுப்பு உடம்பில் நீளவாக்கில் மூன்று மஞ்சள் கோடுகள். கார்ட்டர் பாம்பு. கையுறையோடு தூக்கினேன், வளையவில்லை. நனைந்து உறைந்த பழுதைக்கயிறு மாதிரி விறைத்துப்போய் இருந்தது.

வீட்டு அத்திவாரத்தின் ஒரு வெடிப்புக்குள் அது குளிர்காலத்தைக் கழித்திருக்கிறது. அந்த வெடிப்பு ஆழமில்லாதது. மூன்று நாள் வெயிலின் சூடு உள்ளே போனதும் வசந்தம் வந்துவிட்டது என்று நம்பி வெளியே வந்திருக்கிறது. அன்றிரவே உறைந்துவிட்டது. இன்னும் மூன்று அடி ஆழத்தில் அதற்கு ஓர் இடம் கிடைத்திருந்தால் அந்த வெயில் அதற்குத் தெரிந்தே இருக்காது.

அதற்குப் பிறகுதான் பின்வளவில் பாம்புகளுக்கு ஒரு குளிர்கால இருப்பிடம் கட்டினேன். முதல் தடவை பிழைத்தது, இரண்டாம் தடவை சரிவந்தது. ரொறன்ரோவைச் சுற்றியும் தென் ஒன்ராறியோவிலும் கொஞ்சம் நிலத்தோடு வீடு வைத்திருக்கிற நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கத்தரியும் மிளகாயும் நடுகிற அதே வளவில் இதையும் செய்யலாம்.

முதலில்: பாம்பு குளிரை எப்படித் தாண்டுகிறது

இது விளங்காமல் கிடங்கு கிண்டினால் வேலை வீண்.

பாம்புக்கு உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கத் தெரியாது. சுற்றியுள்ள சூடுதான் அதன் சூடு. செப்டெம்பர் கடைசியில் இரவுகள் குளிரத் தொடங்கியதும் அது தின்பதை நிறுத்திவிடும். குளிரில் வயிறு வேலை செய்யாது. செரிக்காத இரை உள்ளே கிடந்தால் அழுகிப் பாம்பையே கொன்றுவிடும். அதனால் வெறும் வயிற்றோடு, கோடையில் சேர்த்த கொழுப்பை நம்பி, நிலத்துக்குள் இறங்குகிறது. இதை ஆய்வாளர்கள் புரூமேஷன் என்கிறார்கள். முழுத் தூக்கம் என்று சொல்ல முடியாது. நாடித்துடிப்பும் மூச்சும் மிகவும் குறைந்துவிடும், ஆனால் மெல்ல நகரும், இடம் மாறும், ஈரம் கிடைத்தால் குடிக்கும்.

அந்த நிலையில் 4, 5 பாகை செல்சியஸ் அதற்குப் போதும். சொல்லப்போனால் அதுதான் நல்லது. சூடு கூடினால் கொழுப்பு வேகமாகக் கரையும். ஆபத்து பூச்சியத்துக்குக் கீழே போகும்போதுதான். ஒன்ராறியோக் காடுகளில் இருக்கும் மரத்தவளை உடம்பு உறைந்தே குளிர்காலத்தைக் கழித்து ஏப்ரலில் எழும்பிக் கத்தும். பாம்புக்கு அந்த வரம் இல்லை. கார்ட்டர் பாம்பின் உடல்நீரில் ஒரு பங்கு பனிக்கட்டியானாலும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் முடியாது.

ஆக, பாம்பு தேடுவது நிலம் உறைகிற ஆழத்துக்குக் கீழே ஓர் இடம். தென் ஒன்ராறியோவில் வீட்டு அத்திவாரத்தை 4 அடி, அதாவது 1.2 மீட்டர் ஆழத்துக்குப் போடுவதும் இந்த உறைமட்டத்தைத் தாண்டத்தான். வீட்டுக்குப் பொருந்துகிற அதே கணக்கு பாம்புக்கும் பொருந்தும்.

இதற்கு ஒரு கீழ் எல்லையும் உண்டு: தண்ணீர். இதை நானே பிந்தித்தான் புரிந்துகொண்டேன். பாம்புக்கு ஈரம் வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் உடம்பு வற்றிவிடும். கார்ட்டர் பாம்பு குளிர்ந்த நீருக்குள் மூழ்கிக் கிடந்தும் தோலின் வழியே ஒட்சிசனை எடுத்துப் பிழைக்கும். ஆனால் பொந்து முழுக்கத் தேங்கிய நீராகி, அதில் ஒட்சிசன் தீர்ந்துவிட்டால் சாவுதான். ஜோர்ஜியன் குடாப் பக்கத்துச் சதுப்புகளில் வாழும் மசசாகா கிலுகிலுப்பைப் பாம்பு இந்த விஷயத்தில் கெட்டிக்காரப் பாம்பு. மேலே உறைந்த மண், கீழே நிலத்தடி நீர், இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய இடைவெளியில் குளிர்காலத்தைக் கழிக்கும். அந்த இடைவெளியைச் செயற்கையாக உண்டாக்கிக் கொடுப்பதுதான் நம் வேலை.

மனிற்றோபாவில் வினிப்பெக் நகருக்கு வடக்கே நார்சிஸ் என்று ஓர் இடம். அங்கே சுண்ணாம்புப் பாறை நிலம் உள்வாங்கி இயற்கையாகவே ஆழமான வெடிப்புகள் உண்டாகியிருக்கின்றன. பல்லாயிரக் கணக்கான செம்பக்கக் கார்ட்டர் பாம்புகள் ஒவ்வோர் இலையுதிர்காலமும் அதே வெடிப்புகளுக்குத் திரும்பிப் போகின்றன. வெளியே மறை 40 வரை போகும் நாளிலும் உள்ளே அவை பத்திரமாக இருக்கும். ஆனால் 1999இல் காலநிலை பிழைத்து, உறைமட்டத்துக்குக் கீழே இறங்க முன்னரே பல்லாயிரம் பாம்புகள் செத்தன. அத்தனை குளிருக்குப் பழகிய இனம்தான், ஆனாலும் ஆழத்துக்குப் போக முடியாதவை செத்துப்போயின.

எந்தப் பாம்புக்காகக் கட்டுகிறோம்

நம் வளவுகளுக்கு வருவது பெரும்பாலும் இரண்டு: கார்ட்டர் பாம்பு, டீகேயின் பழுப்புப் பாம்பு. முன்னது ஒன்றரை இரண்டு அடி, சில இன்னும் நீளம். பின்னது ஓர் அடியளவுதான், விரல் தடிப்புக்கும் குறைவு. இரண்டும் முட்டையிடாமல் குட்டி போடுபவை. மண்புழு, நத்தை, ஓடில்லாத நத்தை இவைதான் சாப்பாடு. கார்ட்டர் தவளையும் பிடிக்கும். கோவா இலையை ஓட்டை போடுகிற ஓடில்லா நத்தையோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தப் பாம்புகளின் அருமை தெரியும்.

ஊரில் புடையனையும் நாகத்தையும் பார்த்து வளர்ந்த நமக்குப் பாம்பு என்றதும் தடியைத் தேடுகிற பழக்கம் இரத்தத்தில் ஊறியது. அது ஊரில் தேவைப்பட்ட பழக்கம், குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கே ஒன்ராறியோவில் இப்போது இருக்கிற ஒரே நச்சுப்பாம்பு மேலே சொன்ன மசசாகாதான். அதுவும் ஜோர்ஜியன் குடாக் கரை, புரூஸ் குடாநாடு போன்ற சில இடங்களில் மட்டும். ஸ்கார்பரோ வளவில் அது வராது. கார்ட்டரைக் கையில் பிடித்தால் நாறுகிற ஒரு நீரைப் பூசிவிடும், சிலவேளை கடிக்கவும் செய்யும், அவ்வளவுதான்.

படி 1: கிண்ட முன் தேடுங்கள்

ஏற்கெனவே உங்கள் வளவில் பாம்பு தங்குகிற பொந்து இருக்கலாம். செப்டெம்பர் நடுப்பகுதியில் இருந்து ஒக்டோபர் கடைசி வரை, வெயில் உள்ள பிற்பகல்களில் வளவைச் சுற்றி வாருங்கள். பழைய கல்மதில், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, கொட்டகைக்கு அடியில், முன்படிக்கட்டுச் சீமெந்து வெடித்த இடம் என்று பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பாம்பு வெயில் காய்ந்தால் பொந்து பக்கத்தில்தான். பாம்புகள் ஒன்றன் மணத் தடத்தை ஒன்று பிடித்துக்கொண்டு வருடா வருடம் ஒரே பொந்துக்கு வரும்.

அப்படி ஒன்று கண்டால் புதிதாகக் கட்டவே வேண்டாம். அதை அடைக்காமல், இடிக்காமல் விட்டாலே போதும். அத்திவார வெடிப்பைப் பூசித்தான் ஆகவேண்டும் என்றால், மே, ஜூன், ஜூலையில் பூசுங்கள். ஒக்டோபருக்குப் பிறகு பூசினால் உள்ளே இருப்பவற்றுக்குச் சமாதி கட்டினதாகிவிடும்.

படி 2: இடமும் தண்ணீர்ச் சோதனையும்

தெற்கு அல்லது தென்கிழக்கு பார்த்த இலேசான சரிவு சிறந்தது. காலை வெயில் வாசலில் விழவேண்டும். வடக்கிலும் மேற்கிலும் ஒரு வேலியோ புதரோ இருந்து காற்றை மறித்தால் இன்னும் நல்லது. வீட்டு அத்திவாரத்தில் இருந்தும் பெரிய மரத்து வேர்களில் இருந்தும் தள்ளி இருக்கட்டும். பிள்ளைகள் விளையாடுகிற, நாய் ஓடுகிற பக்கம் வேண்டாம்.

என் முதல் கிடங்கை வளவின் தாழ்ந்த மூலையில் கிண்டினேன். அங்கேதான் கார்ட்டரை அடிக்கடி கண்டிருந்தேன். மார்ச்சில் ஸ்னோ கரைந்த தண்ணீர் முழுவதும் அந்த மூலைக்கு ஓடிவந்து, வாய்வரைக்கும் நிரம்பி, மேலே ஒரு தட்டு ஐஸ் பிடித்தது. ஐஸுக்கு அடியில் இலைகள் மிதந்துகொண்டிருந்தன. நல்ல காலம், அந்தக் குளிர்காலத்தில் எந்தப் பாம்பும் அதை நம்பி இறங்கியிருக்கவில்லை.

அதனால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஏப்ரலில், நிலம் இளகித் தண்ணீர் மிக உயர்ந்து நிற்கும் நேரத்தில், வேலிக்கால் துளைக்கிற கருவியால் ஒடுக்கமான ஒரு துளையை ஆறு அடிக்குப் போடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு தடியை இறக்கி, எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் ஐந்தடிக்குக் கீழே நின்றால் அருமையான இடம். நான்கு அடிக்கு மேலேயே நின்றால் இடத்தை மாற்றுங்கள். துளையே காய்ந்து, மணலாகக் கொட்டினால் அடியில் ஒரு கைப்பிடி உயரத்துக்குக் களிமண் பரப்ப வேண்டிவரும். ஈரம் நிற்க அது உதவும்.

படி 3: அனுமதியும் காலமும்

ஒன்ராறியோவில் கிண்ட முன் நிலத்தடிக் குழாய், மின்கம்பி எங்கே போகிறது என்று அடையாளமிடக் கேட்பது சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோ வன் கோல் என்ற சேவைக்கு அறிவித்தால் இலவசமாக வந்து நிறம் பூசிவிட்டுப் போவார்கள். வீடு பள்ளத்தாக்கு அல்லது ஓடைக் கரையில் என்றால் ரொறன்ரோ வட்டாரப் பாதுகாப்பு அதிகாரசபை போன்ற உங்கள் பகுதி அமைப்பிடம் முதலில் கேளுங்கள். அயலவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிறகு பாம்பைக் கண்டு பதறுவதைவிட முன்னரே தெரிந்திருப்பது எல்லோருக்கும் நல்லது.

வேலையை ஜூனில் தொடங்கி ஓகஸ்டுக்குள் முடிக்கப் பாருங்கள். செப்டெம்பரில் பாம்புகள் இடம் தேடி அலையத் தொடங்கிவிடும்.

படி 4: கிடங்கு

ஆழம் 1.8 மீட்டர், சுமார் 6 அடி. இதில் சமரசம் வேண்டாம். உறைமட்டம் 1.2 மீட்டர் என்றால், அதற்குக் கீழே பாம்பு இருக்க அரை மீட்டராவது வேண்டும். அகலம் உங்கள் வசதி. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் நல்ல அளவு. சின்ன வளவுக்கு ஒன்றரைக்கு ஒன்றரை போதும்.

இதைக் கையால் கிண்டுவது பெரிய பாடு. சிறிய கிண்டும் இயந்திரத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். கையால்தான் என்றால் ஒன்றை மறக்கவேண்டாம்: செங்குத்தாகக் கிண்டிய ஆறடிக் கிடங்கின் சுவர் எந்த நேரமும் சரியும், மண்ணுக்குள் புதைந்தால் மூச்சுவிட நேரம் இருக்காது. சுவரைப் படிப்படியாகச் சரித்து வெட்டுங்கள். இடுப்பளவுக்கு மேல் ஆழமான பிறகு தனியாக உள்ளே இறங்காதீர்கள், மேலே ஓர் ஆள் நிற்கவேண்டும். மழை பெய்தால் அன்றைக்கு வேலை இல்லை.

மேல்மண்ணை ஒரு பக்கம், அடிமண்ணை ஒரு பக்கம் என்று பிரித்துக் குவியுங்கள். மேல்மண் கடைசியில் தேவைப்படும்.

படி 5: நிரப்புதல்

புற்று என்பது உண்மையில் இடைவெளிதான். கல் அந்த இடைவெளியைத் தாங்கி நிற்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

அடியில் பெரிய கற்கள், ஒன்று முதல் இரண்டு அடி வரை. நெருக்கி அடுக்காமல், ஒன்றன் மேல் ஒன்று கோணலாகச் சாயும்படி போடுங்கள். கற்களுக்கு இடையே இரண்டு விரல் முதல் ஒரு முஷ்டி வரை நுழையும் அளவு இடம் வேண்டும். இடையிடையே வேரோடு பிடுங்கிய மரக்கட்டை, உள்ளே கோறையான கட்டை, துளையுள்ள சீமெந்துக் கல், பழைய மண்குழாய் எல்லாம் போடலாம். மரக்கட்டை உக்கும்போது அதன் வேர்ப்பாதைகளே ஒடுங்கிய வழிகளாகிவிடும். மருந்து ஏற்றிய பலகை, தார் பூசிய கட்டை, வர்ணம் பூசியது எதுவும் வேண்டாம். பாம்பு ஆறு மாதம் அந்த நஞ்சோடு ஒட்டிக் கிடக்கும்.

கல் எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டிக் கணக்குப் பாருங்கள். இரண்டு மீட்டர்க் கிடங்கு ஏழு கனமீட்டருக்குக் கொஞ்சம் கூட. முழுக்கக் கல் என்றால் பத்து டன்னுக்கு மேல் வரும். பழைய டிரைவ்வே, நடைபாதை உடைக்கிற அயலவர் இருந்தால் அந்தச் சீமெந்துத் துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள், அவருக்கும் குப்பைச் செலவு மிச்சம். கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகளை மட்டும் ஒதுக்குங்கள்.

பாதி உயரம் வந்ததும் வாசல் குழாய்களை வையுங்கள். மூன்று அல்லது நான்கு அங்குல அகலக் குழாய் மூன்று போதும். கீழ்முனை அடிக்கற்களுக்கு நடுவே, மேல்முனை தெற்குப் பக்கம் நிலமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. நேர்க்குத்தாக வைத்தால் பாம்பால் ஏறமுடியாது, குளிர்காற்றும் நேரே இறங்கும், சாய்வாக வையுங்கள். வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாய் என்றால் உட்பக்கத்தை அரத்தால் சுரண்டிச் சொரசொரப்பாக்குங்கள், அல்லது நெளிவுள்ள வடிகால் குழாயை வாங்குங்கள்.

ஒரு குழாய் வழியே நீண்ட வயர் உள்ள வெப்பமானியின் முனையை அடிவரை இறக்கிவிடுவது என் சொந்த யோசனை. வெளியில் இருந்தே அடிச் சூடு தெரியும். மண் மெல்லத்தான் குளிரும், அதனால் அடியில் மிகக் குறைந்த சூடு ஜனவரியில் வராது. பெப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில்தான் வரும். அப்போதும் முள் பூச்சியத்துக்கு மேலே நின்றால் உங்கள் புற்று தேறிவிட்டது.

படி 6: மூடுதல்

கற்கள் நிலமட்டத்துக்கு வந்ததும் மேலே தடித்த கிளைகள், அதன்மேல் சிறு சுள்ளிகள், பிறகு மண்ணை மறிக்கும் துணி. அந்தத் துணி இல்லாவிட்டால் இரண்டு மழைக்குள் மண் இறங்கி இடைவெளிகளை அடைத்துவிடும். துணிக்கு மேல் ஒன்றரை அடி மண்ணைக் கவிழ்த்த கிண்ணம் போலக் குவித்து, மேல்மண்ணைப் போட்டு இந்த மண்ணுக்குரிய புல்லோ காட்டுப்பூச் செடியோ நடுங்கள். வாசல்களைச் சுற்றித் தட்டைக் கற்களைப் பரப்புங்கள், வெயில் காய உதவும். கொஞ்சம் தள்ளி ஒரு சுள்ளிக் குவியல் இருந்தால் பருந்து, பூனை வரும்போது ஒளிய இடம்.

மண் அரிப்பைத் தடுக்க விற்கிற பிளாஸ்டிக் வலையை இங்கே எந்தக் காரணத்துக்காகவும் விரிக்காதீர்கள். பாம்பு தலையை நுழைக்கும், உடம்பு சிக்கும், பின்னால் போக முடியாமல் செதிள்கள் தடுக்கும். வெயிலில் அப்படியே காய்ந்து சாகும். தோட்டத்தில் பயற்றங்கொடிக்குக் கட்டுகிற நைலோன் வலைக்கும் இதே கதைதான். அதையும் நிலத்தைத் தொடாமல் ஓர் அடி உயர்த்திக் கட்டுங்கள்.

படி 7: குளிர்காலத்தில்

பாம்பைப் பிடித்துக் கொண்டுவந்து உள்ளே விடாதீர்கள். அது தன் பழைய பொந்தைத் தேடிப் புறப்பட்டு வழியில் உறைந்துவிடும். தானாகக் கண்டுபிடிக்கட்டும். என் இரண்டாவது கிடங்குக்கு முதல் வருடம் யாரும் வரவில்லை.

ஸ்னோவை அதன் மேலிருந்து அள்ளவே கூடாது. புதிதாக விழுந்த தளர்ந்த ஸ்னோ நல்ல கம்பளி. அதன்மேல் நடந்தால் இறுகிக் கம்பளித் தன்மை போய்விடும். டிரைவ்வேயில் அள்ளிய உப்புக் கலந்த ஸ்னோவையும் அங்கே கொட்டவேண்டாம்.

நடுக்குளிரில் வீட்டுக்குள் பாம்பு வந்தால்

இது ஒவ்வொரு வருடமும் யாராவது வீட்டில் நடக்கிறது. பேஸ்மென்டில் உடுப்புத் துவைக்கப் போனவர் அலறிக்கொண்டு மேலே வருவார். அத்திவார வெடிப்பில் தூங்கிய பாம்பு, வீட்டுச் சூட்டில் விழித்து உள்ளே வந்திருக்கும். கதவைத் திறந்து ஸ்னோவில் எறிவது அதைக் கொல்வதற்குச் சமம்.

ஒரு துவாயைப் போட்டு மெதுவாக அள்ளி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் விடுங்கள். மூடியில் பென்சில் முனையளவு துளைகள் போடுங்கள், அதற்கு மேல் பெரிதானால் பழுப்புப் பாம்பு நழுவிவிடும். உள்ளே நனைத்துப் பிழிந்த துணி, ஒரு பிடி காய்ந்த இலை, ஆழமில்லாத மூடியில் தண்ணீர். சாப்பாடு எதுவும் வைக்கவேண்டாம். பிறகு இங்குள்ள பல வீடுகளில் முன்படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற குளிர் அறையில், வெங்காயமும் அரிசி மூட்டையும் வைப்போமே அங்கே, இருட்டில் வைத்துவிடுங்கள். உறையாத, ஆனால் குளிர்ந்த இடம் அதுதான். உடனே உரிமம் பெற்ற வனவிலங்குப் பராமரிப்பு நிலையம் ஒன்றை அழைத்துச் சொல்லுங்கள். அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். அருகிவரும் இனமாக இருந்தால் சட்டச் சிக்கலும் உண்டு, அவர்களுக்குத்தான் இனம் தெரியும். கடைசியாகக் கையை நன்றாகக் கழுவுங்கள். பாம்புகளுக்கு ஒரு தோல் பூஞ்சை நோய் பரவுகிறது, ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு நாம் காவக்கூடாது.

ஏப்ரலில்

முதலில் ஆண்கள் வரும், பெண்கள் பிறகு. நார்சிஸில் இந்த நாட்களில் காகங்கள் காத்திருந்து, இன்னும் விறைப்புத் தீராத பாம்புகளைக் கொத்தி ஈரலை மட்டும் எடுத்துத் தின்னும். அதனால்தான் வாசலுக்குப் பக்கத்தில் சுள்ளிக் குவியல் வேண்டும் என்றேன். மே நடுப்பகுதி வரை அந்தப் பக்கம் புல்வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுபோகாதீர்கள். பூனை வளர்ப்பவர்கள் அந்தச் சில வாரங்களாவது வீட்டுக்குள் வைத்திருங்கள்.

இரண்டாவது குளிர்காலம் முடிந்த ஏப்ரலில், 12 பாகை வெயில் நாள் ஒன்றில், தேநீரோடு போய்த் தள்ளி உட்கார்ந்திருந்தேன். நடுக்குழாயின் வாயில் முதலில் ஒரு நாக்கு தெரிந்தது. சிவப்பு, நுனி கறுப்பு. மெதுவாக நீண்டது, மெதுவாக உள்ளே போனது. அப்புறம் தலை. மூக்கில் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. கால் மணி நேரம் அது அதற்கு மேல் அசையவில்லை; தட்டைக்கல்லில் வெயில் சுட்டதும்தான் முழுவதும் வெளியே வந்து, மூன்று மஞ்சள் கோடும் தெரியும்படி வளைந்து படுத்தது. அதற்குப் பின்னால் குழாய்க்குள் இன்னொன்று அசைந்துகொண்டிருந்தது.